பாலக்காடு எல்லைத் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியரையும் புது ஆசிரியரையும் ஏற்பவர்களுக்கு

"டீச்சர், இந்த வருஷம் பி.எட். பிள்ளைங்க ரெண்டு பேர் வர்றாங்க. உங்க கிளாஸ்லதான் போட்டிருக்கேன்" என்று தலைமை ஆசிரியர் (எச்.எம்.) சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்ன கடிதம் வாங்க வேண்டும், எதில் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பில் உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்காது. நான் கொழிஞ்ஞாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பயிற்சிக்கு வந்தவர்கள், கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக வந்தவர்கள், தினக்கூலிக்கு வந்தவர்கள் என்று பலருக்குத் துணையாக இருந்திருக்கிறேன். ஒவ்வொரு விஷயத்தையும் ஆபீஸ் கிளார்க்கிடமும் கல்லூரிக்காரர்களிடமும் மூத்த ஆசிரியர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தை மனதில் வைத்து எழுதியது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஒரு பயிற்சி ஆசிரியருக்கு வாரம் மூன்று மணி நேரமாவது உங்களால் ஒதுக்க முடியாது என்றால், ஏற்காதீர்கள். எச்.எம்.மிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். இதற்கென்று தனிப்படி எதுவும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பது உங்கள் நேரம், வேறொன்றும் இல்லை. அதைக் கொடுக்காமல் வகுப்பை மட்டும் கொடுத்துவிட்டால், வருபவரும் கற்பதில்லை, நம் பிள்ளைகளுக்கும் சில மாதப் பாடம் போய்விடும்.

1. சரி என்று சொல்லும் முன் கடிதத்தைப் பாருங்கள்

பி.எட். படிப்பு இப்போது இரண்டு ஆண்டு. அதில் பள்ளியில் செலவிட வேண்டியது மொத்தம் 20 வாரம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறை சொல்கிறது: முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். 4 வாரத்துக்கு வருபவருக்கு வகுப்பைப் பார்ப்பதுதான் முக்கியம். 16 வாரத்துக்கு வருபவர் பாடமும் எடுக்க வேண்டும், தேர்வும் வைக்க வேண்டும், பதிவேடுகளும் எழுத வேண்டும். வருபவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியான டி.எல்.எட். பிள்ளைகள் வந்தால் அவர்கள் கல்லூரி கொடுக்கும் அட்டவணையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எச்.எம். கையில் இருக்க வேண்டியவை:

- கல்லூரி முதல்வரின் கடிதம். பெயர், பாடம், பயிற்று மொழி, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.
- கல்வி அலுவலகத்தின் அனுமதி. தொடக்க, நடுநிலைப் பள்ளி (எல்.பி., யு.பி.) என்றால் உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.), உயர்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.).
- எத்தனை பாடம் எடுக்க வேண்டும், என்னென்ன பதிவேடு வேண்டும் என்ற பட்டியல். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.
- பார்வையிட வரும் கல்லூரி ஆசிரியரின் பெயரும் கைபேசி எண்ணும்.
- நாம் மதிப்பெண் போட வேண்டுமா, அபிப்பிராயம் எழுதினால் போதுமா என்ற விவரம்.

இந்தக் கடைசி விவரத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஒரு முறை மதிப்பெண் படிவம் கடைசி வாரத்தில்தான் எங்கள் கைக்கு வந்தது. அதில் கேட்டிருந்த பாதி விஷயங்களை நாங்கள் கவனித்துக்கூட இருக்கவில்லை, ஏனென்றால் அதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி சொல்லவே இல்லை.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பெண்கள் நிறைய பேர் பொள்ளாச்சி, கோவைப் பக்கக் கல்லூரிகளில் பி.எட். படிக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்து வந்துவிடலாமே என்று நம் பள்ளியிலேயே பயிற்சி எடுக்க ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கல்வி அலுவலர் கொடுத்த அனுமதி கேரளப் பள்ளிக்குச் செல்லாது. இங்கத்தைய அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். கேரளப் பாடத்திட்டத்தில், கேரளப் பள்ளியில் எடுத்த பயிற்சியை அவர்கள் பல்கலைக்கழகம் ஏற்குமா என்றும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இறங்கினால், எல்லாம் முடிந்தபின் "இது செல்லாது" என்று வந்து நிற்கும். ஆறுமாதம் முன்பே தொடங்கினால்தான் இரண்டு பக்கமும் காகிதம் நகரும்.

2. காலண்டரை விரித்து வைத்து நாள் குறியுங்கள்

16 வாரம் என்பது கேட்க நீளமாக இருக்கும். கேரளப் பள்ளிக் காலண்டரில் வைத்துப் பார்த்தால் சுருங்கிவிடும். ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் வந்து உட்காரவே இரண்டு வாரம் போகும். மழை வலுத்தால் கலெக்டர் விடுமுறை. ஓணத்துக்கு முன் முதல் பருவத் தேர்வு, பிறகு ஓண விடுமுறை. அக்டோபர், நவம்பரில் அறிவியல் கண்காட்சி (சாஸ்திரமேளா), கலை விழா (கலோல்சவம்), விளையாட்டு. டிசம்பரில் கிறிஸ்துமஸ் தேர்வு. ஜனவரியில் பொங்கலுக்கு பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. பிப்ரவரிக்குப் பின் பத்தாம் வகுப்பை யாரும் தொட முடியாது.

எனவே பயிற்சியாளருக்கு 8, 9-ஆம் வகுப்புகளைக் கொடுங்கள். பத்தாம் வகுப்பைப் பார்க்க மட்டும் விடுங்கள். பெற்றோர் கேள்வி கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கலோல்சவ வாரத்தில் பயிற்சியாளரைப் பிள்ளைகளோடு சப்-ஜில்லா (துணைக் கல்வி மாவட்ட) அளவிலான போட்டிக்கு அனுப்பலாம், அதுவும் பள்ளி வேலைதான். ஆனால் அந்த நாட்களைப் பாடம் எடுத்த நாளாகக் கணக்கு எழுதாதீர்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து வருபவர் என்றால் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். அங்கே காலாண்டுத் தேர்வு நடக்கும் செப்டம்பரில் இங்கே ஓணத்தைச் சுற்றிய விடுமுறை வரலாம். கல்லூரி கூப்பிடும் நாளும் நம் பள்ளி நடக்கும் நாளும் மோதும்.

3. வருவதற்கு முந்தின வாரம்

ஒரு ஃபைல் போடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல், பயிற்சியாளரின் அடையாள அட்டை நகல், அவசரத்துக்கு வீட்டு எண், டைம்டேபிள், தனி வருகைப் பதிவு. வருகையை நம் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் எழுத விடக் கூடாது, தனி நோட்டு வேண்டும். காலையும் மாலையும் கையெழுத்து.

டைம்டேபிள் போடும் ஆசிரியரிடம் போய், பயிற்சியாளர் வகுப்பெடுக்கும் பீரியடுக்கு அடுத்த பீரியடாவது, அல்லது அதே நாள் கடைசி பீரியடாவது உங்களுக்கு ஓய்வாக வரும்படி மாற்றித்தரச் சொல்லுங்கள். இதை ஆரம்பத்திலேயே செய்யவில்லை என்றால் பிறகு நடக்காது. வகுப்பைப் பற்றிப் பேச அன்றைக்கே இருபது நிமிடம் கிடைக்காவிட்டால், மறுநாள் பேசுவதில் பாதிப் பயன் போய்விடும். சாயங்காலம் மணி அடித்த பிறகு பேசலாம் என்று நினைக்காதீர்கள். வேலந்தாவளம் போகும் பஸ்ஸை விட்டால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது.

ஸ்டாஃப் ரூமில் அவர்களுக்கு நாற்காலியும் பை வைக்க இடமும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். முதல் நாள் வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டவர் பல வாரம் வரை தயங்கித் தயங்கித்தான் பேசுவார்.

செலவு பற்றி. பயிற்சியாளருக்குத்தான் செலவு அதிகம். பதிவேடு, பிரிண்ட், ஜெராக்ஸ், சார்ட், பஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். கேரளத்தில் பஸ்ஸின் குறைந்த கட்டணம் 10 ரூபாய், மாணவர் சலுகையில் 1 ரூபாய். கன்செஷன் கார்டை முதல் வாரத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். சலுகைக்குக் கல்லூரி இருக்கும் வழித்தடமா, பள்ளி இருக்கும் வழித்தடமா என்று கண்டக்டரோடு தகராறு வரும், கார்டில் இரண்டையும் எழுதி வாங்குவது நல்லது. கடையில் செய்து விற்கும் கற்பித்தல் கருவிகளை வாங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், தேங்காய்ச் சிரட்டை, புளியங்கொட்டை, தீக்குச்சி இவற்றில் செய்ததைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். பளபளப்பான தெர்மோகோல் மாடல் ஆணியில் தொங்குவதோடு சரி.

4. முதல் வாரம் பார்வை மட்டும்

வந்த அன்றைக்கே சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். நிறையப் பள்ளிகளில் நடப்பது இதுதான். யாரோ ஒரு ஆசிரியர் லீவு, வகுப்பு சத்தம் போடுகிறது, "நீங்க போய் உக்காருங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். பயிற்சியாளரை லீவு போட்டவருக்குப் பதிலாக அனுப்புவதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். ஒரு தடவை விட்டால் அது வழக்கமாகிவிடும்.

முதல் வாரம் உங்கள் வகுப்பையும், வேறு இரண்டு ஆசிரியர்களின் வகுப்பையும் பார்க்கட்டும். சும்மா உட்காரச் சொன்னால் தூக்கம் வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒரு நாள் யார் யார் பேசினார்கள் என்று உட்காரும் இட வரைபடத்தில் புள்ளி வைப்பது. இன்னொரு நாள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை மட்டும் அப்படியே எழுதுவது. இன்னொரு நாள் ஒரே ஒரு பிள்ளையை முழுப் பீரியடும் கவனிப்பது.

அந்த வாரத்திலேயே பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு. அப்பா அம்மா மாந்தோப்பு வேலைக்குப் போகும் சீசனில் முதலமடைப் பக்கப் பிள்ளைகள் தங்கச்சி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். இதைத் தெரியாமல் "ஏன் ரெண்டு நாளா வரல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பிள்ளை மூன்றாவது நாளும் வராது.

5. டீச்சிங் மேனுவலை (பாடக் குறிப்பு நோட்டை) முந்தின நாளே பாருங்கள்

காலையில் மணி அடிக்கும் நேரத்தில் நோட்டை நீட்டி, "டீச்சர், ஒரு சைனுங்க" என்பார்கள். போடாதீர்கள். முந்தின நாள் மதியத்துக்குள் வர வேண்டும் என்று விதி வையுங்கள். நான் மேனுவலில் மூன்றை மட்டும்தான் பார்ப்பேன். பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறதா? முதல் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் கையால் அல்லது வாயால் ஏதாவது செய்கிறார்களா? "எதிர்பார்க்கும் பதில்" என்ற பகுதியில் தவறான பதில்களும் இருக்கின்றனவா? பயிற்சியாளர் எல்லோரும் அந்தப் பகுதியில் சரியான விடையை மட்டும் எழுதி வருவார்கள். வகுப்பில் தவறான விடை வந்ததும் திகைத்து நிற்பதற்குக் காரணம் அதுதான். "பின்னத்தைக் கூட்டும்போது பிள்ளைங்க என்ன தப்பு செய்வாங்க? மூணு தப்பு எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

பழைய மேனுவலைப் பார்த்து எழுதுவது இப்போது பெரிய சிக்கல். 2024-இல் 1, 3, 5, 7, 9-ஆம் வகுப்புகளுக்கும், 2025-இல் 2, 4, 6, 8, 10-ஆம் வகுப்புகளுக்கும் கேரளத்தில் புதுப் பாடப்புத்தகம் வந்துவிட்டது. சீனியரிடம் வாங்கிய நோட்டு அதற்கு முந்தியது என்றால் பாடமே இருக்காது. பாடப்புத்தகம் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி.யின் தளத்தில் தமிழ்வழிப் புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன. சமக்ரா தளத்தில் பாடவாரியாகப் படம், வீடியோ கிடைக்கும். இரண்டையும் முதல் வாரத்திலேயே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர் கைநூல் தமிழில் கைக்கு வராத பாடம் இருந்தால், மலையாளக் கைநூலை நீங்கள் கூட உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு வந்தவருக்குத் தமிழ்க் கலைச்சொல் தடுமாறும். ஒவ்வொரு பாடத்துக்கும் புத்தகத்தில் உள்ள சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பழகிய சொல்லும் நம் புத்தகத்துச் சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. தேர்வுத் தாளில் வருவது நம் புத்தகத்துச் சொல்தான்.

6. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வது

இங்கேதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

கல்லூரி கொடுக்கும் படிவத்தில் "குரல் வளம்", "கரும்பலகைத் திறன்", "தன்னம்பிக்கை" என்று கட்டங்கள் இருக்கும். அதை வாரம் ஒரு தடவை நிரப்பினால் போதும். வகுப்பில் உட்காரும்போது ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் நேரமும் நடந்ததும் மட்டும். வலது பக்கம் பிறகு கேட்க வேண்டிய கேள்வி. "நன்றாக எடுத்தார்", "பதற்றமாக இருந்தார்" என்றெல்லாம் இடது பக்கத்தில் எழுதக் கூடாது. இப்படி இருக்க வேண்டும்:

10.50 – "இதுல பொதுக் காரணி எது?" கேட்டார். உடனே அவரே சொன்னார்.
10.53 – "புரிஞ்சுதா?" எல்லோரும்: "புரிஞ்சுதுங்க டீச்சர்."
10.58 – ஜன்னலோர மூன்றாம் பெஞ்ச், இருவரும் நோட்டைத் திறக்கவில்லை.
11.04 – பலகையில் இரண்டாம் கணக்கு. கேள்வி கேட்டது முன் பெஞ்ச் பிள்ளைகள் நான்கு பேரிடம் மட்டும்.

இந்தத் தாளைக் காட்டிப் பேசினால் பயிற்சியாளர் மறுக்கவும் மாட்டார், அழவும் மாட்டார். நடந்தது அப்படியே அங்கே இருக்கிறது. தீர்ப்பை அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பிலும் அப்படியே நடக்கிறது. "கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு அப்புறம் பேரைச் சொல்லுங்க" என்று ஒரு வாரத்துக்கு இதை மட்டும் பழகச் சொல்லுங்கள். செலவில்லாத மருந்து இது.

வகுப்பு நடக்கும்போது எழுந்து திருத்தாதீர்கள். கணக்கே தப்பாகப் போகிறது என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வாருங்கள், அவரே திருத்திக்கொள்ளட்டும். பிள்ளைகள் முன்னால் நீங்கள் ஒரு தடவை திருத்திவிட்டால், பிறகு அவர்கள் எல்லாச் சந்தேகத்துக்கும் கடைசி பெஞ்சைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் பேச்சு. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் காதில் விழப் பேச வேண்டாம், லைப்ரரி மூலை போதும். நான் கேட்கும் வரிசை இது. "எந்த இடத்துல பிள்ளைங்க உங்க கூடவே வந்தாங்க?" அடுத்து, "எந்த இடத்துல விட்டுட்டாங்கன்னு நினைக்கிறீங்க?" அவர் சொல்லி முடித்தபிறகு தாளைக் காட்டுவேன். கடைசியாக, "நாளைக்கு எதை மட்டும் மாத்திப் பாக்கலாம்?" ஒன்றே ஒன்றுதான். பத்துக் குறை சொன்னால் அன்று இரவு அந்தப் பிள்ளை தூங்காது. மறுநாள் பத்தில் ஒன்றும் மாறியிருக்காது. ஒன்றைச் சொல்லி, மறுநாள் அந்த ஒன்றை மட்டும் பார்த்து, மாறியிருந்தால் "இன்னைக்குப் பாருங்க, ஏழு பேர் பேசியிருக்காங்க" என்று எண்ணிச் சொல்லுங்கள். நம்மில் பலருக்குப் பாராட்ட வாய் வராது. இங்கே அவசியம் வர வேண்டும்.

நீங்கள் எடுக்கும் வகுப்பையும் அதே முறையில் கவனித்து எழுதச் சொல்லுங்கள். பயிற்சியாளர் தயங்குவார். "நான் எத்தனை வினாடி காத்திருந்தேன்னு எண்ணிச் சொல்லும்மா" என்று வேலையாகக் கொடுத்தால் செய்வார். அதன் பிறகு உங்கள் இருவர் பேச்சிலும் பயம் குறைந்துவிடும்.

பயிற்சியாளர் வைக்கும் குறையறி தேர்வை வெறும் பதிவேட்டுக்காகச் செய்ய விடாதீர்கள். 2024-25 முதல் 8-ஆம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு குறைந்தபட்சம் வேண்டும் என்று ஆகியிருக்கிறது. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்ற பட்டியல் நமக்கும் தேவை. இரண்டு வேலையையும் ஒன்றாக்குங்கள்: அவர் தேர்வு வைக்கட்டும், அதன் முடிவை வைத்து நான்கைந்து பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் சொல்லித்தரட்டும். பயிற்சியாளருக்கு இதில் கிடைக்கும் அனுபவம் நாற்பது பேர் வகுப்பில் கிடைக்காது.

7. பிரம்பு, போட்டோ, புகார்

முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள். அடிக்கக் கூடாது, மனம் நோகப் பேசியும் தண்டிக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. "எங்களையெல்லாம் அடிச்சுத்தான் படிக்க வச்சாங்க" என்று சொல்லும் மூத்தவர்கள் ஸ்டாஃப் ரூமில் இருப்பார்கள். பயிற்சியாளர் அவர்களைப் பார்த்துப் பழகக் கூடாது.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பதிவேட்டுக்குப் படம் வேண்டும் என்று கல்லூரி கேட்டால், எச்.எம். அனுமதியோடு, கரும்பலகையும் கருவிகளும் தெரியும்படி எடுக்கட்டும். பிள்ளைகளின் கைபேசி எண்ணை வாங்குவது, தனியாகக் குரூப் தொடங்குவது இரண்டும் வேண்டாம்.

இளம் ஆசிரியரிடம் பிள்ளைகள் மனம் திறந்து பேசுவார்கள். நம்மிடம் சொல்லாததை அவரிடம் சொல்லும். பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை சொன்னால், அல்லது அப்படிச் சந்தேகம் வந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21-ஆம் பிரிவின்படி குற்றம். "பள்ளிக்குக் கெட்ட பேர் வரும்", "வீட்டுக்காரங்களோட பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயிற்சியாளர் உடனே உங்களிடம் வர வேண்டும், நீங்கள் உடனே எச்.எம்.மிடம் போக வேண்டும். யாருமே நகரவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

8. வேலைக்கே வரும் புதியவர் என்றால்

பி.எஸ்.சி. தமிழ்வழிப் பட்டியலிலிருந்து வருபவருக்குப் பாடம் எடுக்க ஓரளவு தெரிந்திருக்கும். காகிதத்தில்தான் திணறுவார். மூணாறு எஸ்டேட்டிலிருந்தோ திருவனந்தபுரம் எல்லையிலிருந்தோ வந்து, வீடு தேடி, முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பார். நியமனம் கிடைத்ததும் ஒரு போன் போட்டு இவற்றைச் சொல்லிவிடுங்கள்: நியமன உத்தரவும் பி.எஸ்.சி. பரிந்துரைக் கடிதமும் (அட்வைஸ் மெமோ), அசல் சான்றிதழ்கள், கேரள ஆசிரியர் தகுதித் தேர்வுச் (கே-டெட்) சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் நாலைந்து நகல் எடுத்து வரட்டும், நல்லேப்பிள்ளியிலும் கொழிஞ்ஞாம்பாறையிலும் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். அரசின் சம்பளக் கணினித் தளமான ஸ்பார்க்கில் பெயர் ஏறி ஊழியர் எண் (பென்) வந்து, பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கு எண் (பிரான்) கிடைத்து, பில் ஓடும்வரை சம்பளம் வராது. மூன்று மாத வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் வைத்துக்கொண்டு வரச் சொன்னால் அவர் கடன் வாங்காமல் தப்பிப்பார். மாநில ஆயுள் காப்பீடு (எஸ்.எல்.ஐ.), குழுக் காப்பீடு (ஜி.ஐ.எஸ்.) பிடித்தம் தொடங்க வேண்டியதையும் தகுதிகாண் காலத்தில் முடிக்க வேண்டிய தேர்வுகளையும் ஆபீஸில் முதல் மாதமே கேட்டு எழுதிவைக்கட்டும்.

சர்க்குலர் எல்லாம் மலையாளத்தில் வரும். மலையாளம் வாசிக்கத் தடுமாறும் புதியவர்கள் வெட்கத்தில் கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் சொல்வதை வைத்து ஊகித்துக்கொண்டிருப்பார்கள், ஒரு நாள் ஏதோ ஒரு தேதி தவறிப்போகும். வெள்ளிக்கிழமை மதியம் இருபது நிமிடம் ஒதுக்கி அந்த வாரத்துச் சர்க்குலர்களை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஓணத்துக்குள் அவரே வாசிக்க ஆரம்பித்துவிடுவார். பள்ளி நிர்வாகத் தளமான சம்பூர்ணாவில் பிள்ளைகள் விவரம் திருத்துவது, பள்ளி ஆசிரியர் குழுவின் (எஸ்.ஆர்.ஜி.) கூட்ட மினிட்ஸ் எழுதுவது, பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் பயிற்சிக்குப் போய்வந்த வருகைச் சான்று வாங்குவது எல்லாவற்றையும் முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள்.

தினக்கூலிக்கு வருபவரை யாரும் இப்படிக் கவனிப்பதில்லை. "மார்ச் வரைதானே" என்று விட்டுவிடுகிறோம். ஒரு வருஷம் முழுக்க நம் பிள்ளைகளுக்குக் கணக்கோ அறிவியலோ எடுப்பவர் அவர்தான். அவருக்கும் மேலே சொன்ன ஆறாம் பகுதி முழுவதும் தேவை. அவர் நேர்முகத்துக்கு வரும்போதே அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். முடித்தவர் என்றால் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமநிலைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கட்டணமும் உண்டு, வாரக்கணக்கில் காத்திருப்பும் உண்டு, ஏப்ரலிலேயே விண்ணப்பித்தால் ஜூனுக்குக் கையில் இருக்கும். தமிழ்நாட்டு டெட் வேறு, கே-டெட் வேறு. கே-டெட் தாள் ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 250. 150-க்கு 90 எடுக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பி.எட். வைத்துக்கொண்டு எல்.பி. வேலைக்கு முயல்பவர்களிடம், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று சொல்லிவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள். நேரமும் பணமும் மிச்சமாகும்.

9. கையெழுத்தும் சான்றிதழும்

வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டாம். கடைசி வாரத்தில் அழுது கேட்பார்கள், கல்யாணம், காய்ச்சல் என்று காரணமும் உண்மையாகவே இருக்கும். அந்த நாட்களை ஈடுசெய்ய இன்னும் ஒரு வாரம் வரட்டும், அதற்குக் கல்லூரியிடம் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்துப் பதிவேடுகளில் கையெழுத்தும் தேதியும் போட்டு முடித்துவிட்டால், கடைசி நாளில் நாற்பது மேனுவலைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும் நிலை வராது. கல்லூரி ஆசிரியர் பார்வையிட வரும் நாளில் பிள்ளைகளைத் தயார் செய்து நாடகம் போட விடாதீர்கள். முந்தின நாள் எடுத்த பாடத்தையே மறுநாளும் எடுத்துக் காட்டினால் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று" என்று எழுதுவது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. முதல் வாரத் தாளையும் கடைசி வாரத் தாளையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று நாலு வரி எழுதுங்கள். வேலைக்கு நேர்முகம் போகும்போது அந்த நாலு வரிதான் அவர் கையில் இருக்கும்.

பிரிவு நாளில் பிள்ளைகளிடம் பணம் வசூலித்துப் பரிசு வாங்குவதையும், பயிற்சியாளர்கள் ஆசிரியர்களுக்குப் புடவை, சட்டை எடுத்துத் தருவதையும் முதல் மாதமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். பதிலுக்கு அவர்கள் செய்த கருவிகளில் நல்லது ஒன்றிரண்டைப் பள்ளிக்கு விட்டுப்போகச் சொல்லலாம்.

முடித்ததற்கான சான்றிதழில் தேதி, வாரக் கணக்கு, எடுத்த வகுப்பு, பாடம், பயிற்று மொழி தமிழ் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எச்.எம். கையெழுத்து, பள்ளி முத்திரை, பள்ளிக் குறியீட்டு எண். மூன்று படி எடுங்கள்: ஒன்று கல்லூரிக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று நம் ஃபைலுக்கு. இரண்டு வருஷம் கழித்து "டீச்சர், அந்தச் சர்டிபிகேட் தொலைஞ்சு போச்சுங்க" என்று போன் வரும்போது அந்த ஃபைலைத்தான் தேடுவீர்கள்.